கிணற்றிலிருந்து ஆடு வரவில்லை

நம்முடைய இங்கிலீஷ் சார் பொய் சொல்கிறார். வயதானவர், முட்டி வலிக்காரர் என்று சொல்லிக்கொண்டு யாரும் குறுக்கே வர வேண்டாம். வயதானால் பொய் சொல்லலாம் என்று எங்கும் எழுதி வைக்கவில்லை. நமக்கும்தான் வயதாகிவிட்டது.

போன வாரம் நம் பள்ளிக்கூட வாட்ஸ்ஆப் குழுவில் அவருடைய வீடியோவைப் போட்டீர்கள். பேரன் செல்போனைப் பிடித்துக்கொள்ள, சார் சோபாவில் சாய்ந்து உட்கார்ந்து அன்றாட இங்கிலீஷ் சொல்லித் தருகிறார். ‘கிவ் அப்’, ‘புட் ஆஃப்’, ‘லுக் ஆஃப்டர்’ என்று இரண்டு சொற்கள் சேர்ந்து ஒரே வினையாக நிற்குமே, அவற்றை ஒவ்வொன்றாக எடுத்து, வீட்டில் பேசுகிற வாக்கியத்தில் வைத்துக் காட்டுகிறார். நன்றாகத்தான் சொல்லித் தருகிறார். அதில் எனக்கு வழக்கு இல்லை. நடுவில் ‘மேக் அப்’ வந்தது. பவுடர் பூசுவது இல்லை, இல்லாததை இட்டுக்கட்டிச் சொல்வது என்று விளக்கிவிட்டுச் சிரித்தார்.

“எங்கிட்ட ஒரு பொண்ணு படிச்சா. எங்க தெரு கிணத்துலேர்ந்து ஆடு வருது சார்னு அசெம்பிளில எல்லார் முன்னாடியும் சொன்னா. ஷி மேட் இட் அப்! அப்புறம் அவளே ஒத்துக்கிட்டா. வெரி இமேஜினேட்டிவ் கேர்ள்.”

அதற்குக் கீழே நீங்கள் வரிசையாகச் சிரிக்கிற மஞ்சள் மூஞ்சிகளைப் போட்டீர்கள். ‘சார் எப்பவும் சார்தான்’ என்று ஒருவர். ‘கோல்டன் மெமரீஸ்’ என்று இன்னொருவர்.

அந்தப் பெண் என் அக்கா. ஆடு வருகிறது என்று அவள் சொல்லவில்லை. அவள் ஒத்துக்கொள்ளவும் இல்லை.

உங்களுக்கு மறந்துவிட்டது என்றால் நான் சொல்கிறேன். அனகாபுத்தூரில் ஆற்றங்கரைப் பக்கம் ஆஸ்பெஸ்டாஸ் கூரை போட்ட பள்ளிக்கூடம் நம்முடையது. எட்டாவது வரைதான். நடத்தியவர் தோல் பதனிடும் ஷாப்பின் முதலாளி. ஷாப்பில் வேலை செய்கிறவர்களின் பிள்ளைகளுக்குச் சம்பளம் கிடையாது, இலவசம். அதற்காக ஊரே அவரைக் கையெடுத்துக் கும்பிட்டது. எங்கள் அப்பா அங்கே சுண்ணாம்புத் தொட்டியில் வேலை. ஆட்டுத் தோலைச் சுண்ணாம்புத் தண்ணீரில் ஊறப்போட்டு, முடி தளர்ந்ததும் எடுத்து வழிக்க வேண்டும். அப்பாவின் விரல் நுனிகள் எப்போதும் வெந்த உருளைக்கிழங்கின் தோல் மாதிரி வெளுத்துச் சுருங்கி இருக்கும். சோறு பிசையும்போது காரம் பட்டால் முகம் சுளிப்பார். அதனால் அவருக்கு மட்டும் அம்மா மோர் சோறுதான் போடுவாள்.

அசெம்பிளி நடந்தது வேப்பமரத்தடியில். மரத்தில் தண்டவாளத் துண்டு ஒன்று தொங்கும், அதுதான் மணி. பக்கத்தில் கால் ஆடுகிற ஒரு கரும்பலகை. சார் பல்லாவரத்திலிருந்து சைக்கிளில் வந்து இறங்கியதும், பேண்டில் மாட்டிய சைக்கிள் க்ளிப்பைக் கழற்றாமலேயே பலகையில் இரண்டு சொல் எழுதுவார். அன்றைய வினை. யாருடைய முறையோ அவர்கள் முன்னால் வந்து, அதை வைத்து மூன்று வாக்கியம் சொல்ல வேண்டும். மூன்றும் சொந்த வீட்டில் நடந்ததாக இருக்க வேண்டும். அதுதான் சாரின் சட்டம். நோட்ஸில் இருக்கிறபடி ‘த சன் கேம் அப்’ என்று யாராவது ஆரம்பித்தால் போதும், பிடித்துக்கொள்வார்.

“சூரியன் உங்க வீட்டுக்காரனாடா? உங்க வீட்ல நேத்து என்ன நடந்துச்சு? அதச் சொல்லு. நடக்காததச் சொன்னா நாக்குல இங்கிலீஷ் ஒட்டாது.”

அதனால் நம் எல்லோருடைய வீடும் அந்த மரத்தடிக்கு வந்துவிட்டது. ரேஷன் கடைக்காரர் மகன் சொன்னான்: “மை மதர் த்ரூ அவே மை ஃபாதர்ஸ் பீடி. மை ஃபாதர் வென்ட் அவுட். ஹி கேம் பேக் வித் டூ பண்டல்ஸ்.” அம்மா பீடியைத் தூக்கி எறிந்தாள், அப்பா வெளியே போய் இரண்டு கட்டோடு திரும்பி வந்தார். சர்ச்சில் பாடுகிறவர் மகள் சொன்னாள், அவள் மாமா ஞாயிற்றுக்கிழமை குடியை ‘கிவ் அப்’ செய்தாராம், திங்கட்கிழமை திரும்ப ‘டேக் அப்’ செய்தாராம். சார் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். “இதாம்மா இங்கிலீஷ்! உக்காரு!”

இதில் ஒரு வசதி இருந்தது. இங்கிலீஷில் சொன்னது எதுவும் வீட்டுக்குப் போய்ச் சேரவில்லை. ரேஷன் கடைக்காரர் மகன் பீடிச் சண்டையைச் சொன்னபோது அவன் அம்மா வேலியோரம் நின்று, பிள்ளை கடகடவென்று பேசுகிற அழகைப் பார்த்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். தமிழில் சொல்லியிருந்தால் தோலை உரித்திருப்பாள். எதை வேண்டுமானாலும் சொல்லிவிடக்கூடிய இடம் ஒன்று கிடைத்துவிட்டது என்று நாம் எல்லோரும் நம்பினோம். என் அக்கா மற்ற எல்லோரையும்விட அதிகமாக நம்பினாள்.

அவள் அப்போது எட்டாவது, நான் ஐந்தாவது. எட்டாவது முடித்தால் தாம்பரத்தில் பெரிய பள்ளிக்கூடத்தில் ஒன்பதாவது சேர்த்துவிடச் சிபாரிசு செய்கிறேன் என்று சார் சொல்லியிருந்தார். முதலாளி கையெழுத்துப் போட்டால் அங்கேயும் இலவசம். அக்கா அந்தப் பேச்சை நெஞ்சுக்குள் வைத்துக்கொண்டு நடந்தாள். தண்ணீர் இறைக்கும்போதும் அடுப்பு ஊதும்போதும் அவள் உதடு அசைந்துகொண்டே இருக்கும்.

“இன்னாடி தனியா பேசிகினு கீற? பேய் இன்னா புட்ச்சிகிச்சா?” என்பாள் அம்மா.

“வாக்கியம் கட்டறேம்மா.”

“மொதல்ல கொடத்துல துணியக் கட்டு. அப்பறமா வாக்கியம் கட்டலாம்.”

அந்தத் துணி உங்களுக்கு ஞாபகம் இல்லையா? அந்த வருடம் மழை ஏமாற்றிவிட்டது. ஆறு ஒரு சாக்கடை அகலத்துக்கு இளைத்துவிட்டது. ஷாப்பிலிருந்து வருகிற சுண்ணாம்புத் தண்ணீர் மட்டும் வழித்த முடியோடு நிற்காமல் வாய்க்காலில் வந்து, நம் கிணறுகளுக்குள்ளும் புகுந்தது. அழுகிய முட்டை நாற்றம். நம் தெருக் கிணறுகளில் தண்ணீர் அடிமட்டத்துக்குப் போயிற்று, வாளியில் வெள்ளையும் கறுப்புமாக ஆட்டு முடி ஏறி வந்தது. ஒவ்வொரு வீட்டிலும் பழைய வேட்டியைக் கிழித்துக் குடத்து வாயில் கட்டித்தான் தண்ணீர் பிடித்தோம். நிறைந்ததும் அம்மா துணியை அவிழ்த்து, மேலே படிந்த முடியைச் சுவரில் தட்டுவாள். சுவரே ஆட்டுத் தோல் மாதிரி ஆகிவிட்டது. எங்கள் வீட்டில் மட்டும் இல்லை, உங்கள் வீட்டிலும்தான். இப்போது சிரிக்கிற மூஞ்சி போட்ட உங்களில் பாதிப் பேருடைய வீட்டுச் சுவர் எனக்குத் தெரியும்.

பள்ளிக்கூடத்தை உயர்நிலைப் பள்ளி ஆக்க அனுமதி கேட்டிருந்தார் முதலாளி. அதற்காக ஓர் அதிகாரி பார்வையிட வந்தார். அசெம்பிளிக்கு இரண்டு நாற்காலி போட்டிருந்தார்கள். ஒன்றில் அதிகாரி, மற்றதில் முதலாளி. சார் அன்று புதுச் சட்டை. பலகையில் ‘கம் அவுட்’ என்று எழுதினார். வெளியே வருவது. சுலபமான வினை, யார் முறையாக இருந்தாலும் தடுமாறக் கூடாது என்று அதைத் தேர்ந்தெடுத்திருப்பார். முறை அக்காவுடையது. முகத்தில் பெருமை வழிய அவளைக் கூப்பிட்டார். அவள்தான் அவருடைய பந்தயக் குதிரை.

அக்கா ரெட்டைச் சடையைப் பின்னால் தள்ளிவிட்டுக்கொண்டு நின்றாள். முதலில், சங்கு ஊதியதும் அப்பா ஷாப்பு கேட்டிலிருந்து வெளியே வருவார் என்று சொன்னாள். அதிகாரி தலையாட்டினார். இரண்டாவது, அப்பாவின் நகங்கள் கழன்று வெளியே வருகின்றன என்றாள். தலையாட்டல் நின்றது. மூன்றாவது வாக்கியத்தை இன்றைக்கும் என்னால் அதே குரலில் சொல்ல முடியும்.

“கோட் ஹேர் கம்ஸ் அவுட் ஆஃப் அவர் வெல்.”

எங்கள் கிணற்றிலிருந்து ஆட்டு முடி வருகிறது. அவ்வளவுதான். அவள் யாரையும் குற்றம் சொல்லவில்லை. முதலாளி அங்கே உட்கார்ந்திருக்கிறார் என்பதற்காகவும் சொல்லவில்லை. அன்று காலையில் நடந்தது அது. அன்றைய வினையில் அது அழகாகப் பொருந்தியது. அந்தச் சந்தோஷம் அவள் முகத்தில் இருந்தது.

அதிகாரி முன்னால் சாய்ந்தார். “விச் வெல்?”

“எவ்ரி வெல் இன் அவர் ஸ்ட்ரீட், சார்.”

முதலாளி கைக்குட்டையை எடுத்துக் கழுத்தைத் துடைத்தார். சாரைப் பார்த்தார். சார் இரண்டே எட்டில் முன்னால் வந்துவிட்டார்.

“ஷி இஸ் மேக்கிங் இட் அப், சார்.”

அந்த வினையைச் சார் நமக்குச் சொல்லித் தந்து ஒரு மாதம்கூட ஆகியிருக்காது. எட்டாவதிலிருந்து ஐந்தாவது வரை அத்தனை பேருக்கும் அதன் அர்த்தம் தெரியும். அதனால் வரிசையில் நின்ற ஒவ்வொரு பிள்ளைக்கும் புரிந்தது: நடந்ததை மட்டும் சொல் என்றவர், நடந்ததைச் சொன்னவளைப் பொய்க்காரி என்கிறார். அதிகாரிக்கும் அது போதுமானதாக இருந்தது. சிரித்தார். “குட் இமேஜினேஷன்” என்றார். தட்டில் பிஸ்கட் வந்தது. அக்கா வரிசைக்குத் திரும்பவில்லை. யாராவது போகச் சொல்வார்கள் என்று அங்கேயே நின்றுகொண்டிருந்தாள்.

சாயங்காலம் ஷாப்பு கேட்டில் மேஸ்திரி அப்பாவை ஓரமாகக் கூப்பிட்டிருக்கிறார். “உம் பொண்ணு மொதலாளிய இங்கிலீஸ்ல இன்னாவோ திட்டிட்டாளாம்பா. வர்ற திங்கக்கெழமை எல்லார் முன்னாடியும் தப்புன்னு சொல்லணுமாம். இல்லன்னா ஸ்கூலு கெடையாது.”

அப்பா வீட்டுக்கு வந்து சொன்னதும் அம்மா விசாரிக்கவே இல்லை. அக்கா கன்னத்தில் ஓர் அறை விட்டாள். “பொம்பளப் புள்ள வாய்ல கெட்ட வார்த்தயா? அதுக்கா உன்னப் படிக்க வச்சோம்?”

அப்பாதான் தடுத்தார். “இரு இரு. இன்னாம்மா சொன்ன? தமிழ்ல சொல்லு.”

அக்கா கன்னத்தைப் பிடித்துக்கொண்டு சொன்னாள். “நம்ம கெணத்துல ஆட்டு முடி வருதுன்னு சொன்னேன்.”

அப்பா என்னையும் அம்மாவையும் மாறி மாறிப் பார்த்தார். சுவரைப் பார்த்தார். பிறகு சிரித்தேவிட்டார். “இத்தயா? இது ஊருக்கே தெரியுமே! இத்தச் சொல்றதுக்கு இங்கிலீஸு எதுக்கு?” சிரித்து முடிக்கும் முன்பே அவருக்கு விஷயம் புரிந்துவிட்டது. அம்மா அந்த அறைக்காகக் கடைசிவரை வருத்தப்பட்டாள். இருந்தும் அந்த வாக்கியத்தில் எங்கேயோ ஒரு கெட்ட வார்த்தை இருந்திருக்க வேண்டும் என்றுதான் நம்பினாள். இல்லையென்றால் பெரிய மனிதர்கள் ஏன் கோபப்பட வேண்டும் என்பது அவள் கணக்கு.

ஞாயிற்றுக்கிழமை சார் எங்கள் வீட்டுக்கு வந்தார். அதற்கு முன்னும் வந்ததில்லை, பின்னும் வந்ததில்லை. அம்மா ஸ்டூலைத் துடைத்துப் போட்டாள். சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து நீட்டினாள்.

“வேணாம்மா. இப்பதான் குடிச்சேன்.”

பல்லாவரத்திலிருந்து அந்த வெயிலில் சைக்கிள் மிதித்து வந்தவர். சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது, உதடு காய்ந்திருந்தது. எங்கள் கிணற்றுத் தண்ணீரை அவர் தொடவில்லை. அவருக்குத் தெரியும். இட்டுக்கட்டிய கதைக்காக யாரும் தாகத்தோடு உட்கார்ந்திருக்க மாட்டார்கள்.

“ஒரே வாக்கியம்மா,” என்றார் அக்காவிடம். “ஐ மேட் இட் அப். நாலே வார்த்த. சொல்லிட்டு மறந்துடு. அடுத்த வருஷம் தாம்பரம் போகணுமா வேணாமா?”

“வீட்ல நடந்தத மட்டும்தான் சொல்லணும்னு நீங்கதானே சார் சொன்னீங்க?”

“உதாரணம் வேற, உண்மை வேறம்மா. உதாரணத்துக்குச் சொல்றதெல்லாம் யாராவது நிஜமா எடுத்துப்பாங்களா?”

“அப்ப இதையும் நிஜமா எடுத்துக்காம வுட்டுட வேண்டியதுதானே சார்?”

அம்மா நடுவில் புகுந்து, “சொல்லிடுவா சார், சின்னப் பொண்ணு, நாங்க சொல்ல வைக்கிறோம்” என்று கெஞ்சினாள். அப்பா வாசற்படியில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். சார் போன பிறகு ஒன்றே ஒன்று சொன்னார். “உன் இஸ்டம்மா. நான் சொல்லுன்னும் சொல்ல மாட்டேன், சொல்லாதன்னும் சொல்ல மாட்டேன்.”

சாருக்குப் பயம் இருந்திருக்கும். வேலை போய்விடும் என்று பயந்திருப்பார். எனக்குப் புரியாமல் இல்லை. அப்பாவுக்கும் அதே முதலாளியிடம்தான் வேலை. அவர் பயத்தில் வாயை மூடிக்கொண்டாரே தவிர, பெற்ற பெண்ணைப் பொய்க்காரி என்று ஊரைக் கூட்டிச் சொல்லவில்லை.

திங்கட்கிழமை முதலாளி வந்து நாற்காலியில் உட்கார்ந்தார். சார் அக்காவைக் கூப்பிட்டார். போனாள். “ஐ…” என்று சார் எடுத்துக் கொடுத்தார். அவள் வாயைத் திறக்கவில்லை. “ஐ மேட்…” என்றார். அவள் நேரே பார்த்துக்கொண்டு நின்றாள். எங்கேயோ ஒரு பிள்ளை தும்மியது. மரத்தில் காக்கை கத்திக்கொண்டிருந்தது. சார் திடீரென்று முதலாளி பக்கம் திரும்பி, சத்தமாகச் சொன்னார்.

“ஓகே. ஷி ஹேஸ் அட்மிட்டட் இட். கோ பேக் டு யுவர் லைன்.”

ஒப்புக்கொண்டுவிட்டாளாம். முதலாளி எழுந்து போய்விட்டார். அவருக்கு வேண்டியது கிடைத்துவிட்டது. அக்கா வரிசைக்குப் போகவில்லை. வகுப்புக்குள் போய்ப் பையை எடுத்துக்கொண்டு, என்னைக்கூடப் பார்க்காமல், வாசல் வழியாக நடந்து போனாள். ‘வரிசைக்குத் திரும்பியிருந்தால் படிப்பு நின்றிருக்காது, சார் காப்பாற்றிவிட்டார், அவள்தான் வீம்பு பிடித்தாள்’ என்று நேற்று எனக்குத் தனிச்செய்தி அனுப்பினீர்களே ஒருவர், உங்களுக்குத்தான் சொல்கிறேன். ‘நான் பொய்க்காரி’ என்று தினமும் ஒத்துக்கொண்டபடி அந்த வரிசையில் நின்றிருக்க வேண்டும். அதற்குப் பெயர் காப்பாற்றுவதா? பதினாலு வயதில் அவள் பல்லாவரத்தில் எக்ஸ்போர்ட் கம்பெனியில் பட்டன் வைக்கப் போனாள். கண் மங்கும்வரை பட்டன் வைத்தாள்.

குழுவில் நான் இதில் கால்வாசியைத்தான் எழுதினேன். அதற்கு நீங்கள் எழுதிய பதில்களைப் பாருங்கள். ‘இப்ப போய் இதெல்லாம் பிரிங் அப் பண்ணாதீங்க’. ‘காம் டவுன் சிஸ்டர்’. ‘மூவ் ஆன் ஆகுங்க, லைஃப் இஸ் ஷார்ட்’. சார் சொல்லித் தந்த வினைகள் எல்லாம் நன்றாகத்தான் நாக்கில் ஒட்டியிருக்கின்றன. பாதி நாளில் அட்மின் என் செய்தியையே தூக்கிவிட்டார். கிணறுகளை மூடியாயிற்று. ஷாப்பு இருந்த இடத்தில் அடுக்குமாடி வந்தாயிற்று. அந்த முடியைப் பார்த்த கண்கள் என்று மிச்சம் இருப்பது நம்முடையவைதான். உங்களில் ஒருவர்கூட ‘ஆமாம், எங்கள் வீட்டிலும் துணி கட்டினோம்’ என்று எழுதவில்லை.

அக்கா இப்போது மேடவாக்கத்தில் மகனோடு இருக்கிறாள். வீடியோவை அவளுக்குக் காட்டலாமா வேண்டாமா என்று யோசித்து, கடைசியில் காட்டினேன். போனைக் கண்ணுக்குக் கிட்டே வைத்துக்கொண்டு முழுதும் பார்த்தாள்.

“நல்லாத்தான் சொல்லித் தராரு,” என்றாள். போனைத் தாழ்த்திக்கொண்டு, “முடிதான்டி வந்துச்சு. முழு ஆடு எப்ப வந்துச்சு?” என்றாள்.

சிரிப்பாள் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை. போனை என்னிடம் திருப்பிக் கொடுத்துவிட்டு, “நான் ஒத்துக்கினேன்னு சொல்றாரே. அத்த மட்டும் மாத்தச் சொல்றியா?” என்று கேட்டாள். இத்தனை வருடத்தில் அவள் என்னிடம் கேட்ட ஒரே உதவி அது.

வருகிற ஞாயிற்றுக்கிழமை பெருங்களத்தூர் மண்டபத்தில் சாருக்குப் பொன்னாடை போர்த்துகிறீர்கள். தாராளமாகப் போர்த்துங்கள். நான் அக்காவை அழைத்து வருகிறேன். வாசலில் தடுக்கப் பார்க்காதீர்கள், அவளும் அந்தப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைதான். சார் ஏற்புரைக்கு எழுந்திருப்பார் அல்லவா, அப்போது நான் எழுந்து நின்று கேட்பேன். அன்று அசெம்பிளியில் என் அக்கா வாயைத் திறந்தாளா? திறக்கவில்லை என்றால், ஒத்துக்கொண்டாள் என்று சொன்னது யார்? சாருக்கும் ஒரு வார்த்தை: பேரனை விட்டு எனக்குப் போன் செய்ய வேண்டாம். விழா முடிந்ததும் ஓரமாகக் கூப்பிட்டு அவள் தலையைத் தடவ வேண்டாம். பொய் சொன்னது அத்தனை பேருக்கும் முன்னால். பதிலையும் அத்தனை பேருக்கும் முன்னால், மைக்கில், அவள் முகத்தைப் பார்த்துச் சொல்லுங்கள், சார்.